விசை பார்க்கும் படலம்

கடுகண்ணாவையில் லெப்டொப் வாங்கக் கிளம்புகிறவர் காசை மறந்தாலும் மறக்கலாம், கீபோட் மாஸ்டரை மறந்துவிட்டுப் போக முடியாது. அவர் விடவும் மாட்டார். யார் வீட்டுக்குக் கட்டாரிலிருந்து காசு வந்திருக்கிறது, யாருடைய பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்ற விபரமெல்லாம் தபால்காரருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலை கண்டி பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோர சீட்டில், மடியில் குடையோடு அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊருக்கு மட்டும் உரிய பிறவி அல்ல அவர். மாவனல்லையில் ஒருவர் இருக்கிறார். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடைகளுக்குப் பின்புறம் ஒருவர். கம்பளையில் இருவர், ஆனால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டச்சு முறையில் ஒருவர் பாமினி, மற்றவர் தமிழ்99.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒன்று, கந்தோரில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவராக இருப்பார்; இல்லாவிட்டால் எண்பதுகளில் டைப்பிங் கிளாஸ் நடத்தியவராக இருப்பார். ‘யளனகப’ என்று இடக்கை விரல்கள் தூக்கத்திலும் போர்வையில் அடித்துக்கொண்டிருக்கும். இப்போதும் ஊருக்கு மனு, கல்யாணக் கார்டு, நினைவு அட்டை எல்லாம் அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். அடிக்கும்போது கீபோட்டைப் பார்க்க மாட்டார். திரையையும் பார்க்க மாட்டார். எதிரே நிற்கிறவருடைய முகத்தைப் பார்த்து, அவருடைய மனுவிலுள்ள நியாயத்தைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டே அடிப்பார்.

மற்றவர்கள் லெப்டொப் பார்க்கும்போது ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணித்தியாலம் நிற்கும், திரை எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். மாஸ்டர் இவற்றைக் காதில் வாங்குவதே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் மூடியைத் திறக்கச் சொல்லுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு சுட்டுவிரலை நீட்டி, மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த பெரியம்மா பெண்ணின் நடையைப் பார்க்கிற மாதிரி, மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை மெதுவாக ஒரு பார்வை பார்ப்பார். அதுவரைக்கும் கடைப் பையன் விலையைச் சொல்லக் கூடாது.

போன மாதம் அவரை அழைத்துப் போனது, அல்லது அவர் அழைத்துப் போனது, ஒரு மாணவியையும் அவளுடைய அப்பாவையும். பிள்ளைக்குப் பாரம் குறைந்த லெப்டொப் வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு பீடத்திலிருந்து மற்றப் பீடத்துக்குப் போவதென்றால் மேடு ஏற வேண்டும், பள்ளம் இறங்க வேண்டும். கடுகண்ணாவைக்காரருக்குப் பாரம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கண்டிக்கு 1867இல் ரயில் வந்ததே ரம்புக்கனையிலிருந்து இந்த மலையில் மூச்சு வாங்கி ஏறித்தான். 45 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பாரம் கூடினால் தள்ளிவிட இன்னோர் எஞ்சின். தெருவும் அப்படித்தான்: அதைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்னும் தெருவோரம் நிற்கிறது. அந்த ஏற்றத்தில் தினமும் புத்தகப் பை சுமக்கிற பிள்ளைக்கு 1 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோளே சொல்லிவிடும்.

ஆனால் இலேசான லெப்டொப் என்றால் மாஸ்டருக்கு முகம் கோணும்.

“பாரத்த எங்க இருந்து கொறைக்கிறான்னு நெனக்கிறீங்க? கீபோட்டுக்கு அடியில இருந்துதான்” என்பார்.

பொய் இல்லை. உடம்பு மெலிய மெலிய, கீ அமுங்குவதற்கு இருக்கிற ஆழமும் குறையும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் ஒரு காலத்தில் 1.8 மில்லிமீட்டர் இருந்தது, பிறகு 1.5 ஆகிவிட்டது. மாஸ்டர் அந்த 0.3 மில்லிமீட்டருக்கு இன்னும் துக்கம் காக்கிறார். ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த ‘வண்ணத்துப்பூச்சி’ கீபோட்டில் ஆழம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான். ஒரு தூசி உள்ளே போனால் கீ ஒன்று விழாது, அல்லது ஒன்றுக்கு இரண்டாக விழும். 2019இல் தொடங்கி மறு வருஷத்துக்குள் அந்த அமைப்பையே கைவிட்டார்கள்; அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கை 2022இல் 5 கோடி டொலருக்கு இணக்கமாக முடிக்க ஒத்துக்கொண்டார்கள். மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது ஏதோ அவரே நேரில் போய்ச் சாட்சி சொன்ன தோரணை இருக்கும்.

கீ அமுங்குகிற ஆழத்தை அவர் ‘ட்ராவல்’ என்றுதான் சொல்லுவார். அது புரியாதவர்களைக் கடுகண்ணாவை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த ரயில்வே நூதனசாலைக்கு அழைத்துப் போவார். பழைய நீராவி எஞ்சினின் நெம்புகோலைக் காட்டி, “இதுதான் ட்ராவல். இழுத்தா இழுத்த மாதிரி இருக்கணும்” என்பார். லெப்டொப் வாங்க நினைத்த சிலர் அந்த இடத்திலேயே மனம் மாறி, ஃபோனே போதும் என்று திரும்பியிருக்கிறார்கள்.

கண்டிக் கடையில் பையன் முதலில் எடுத்து வைத்தது 14 அங்குலம், 999 கிராம். அப்பாவின் முகம் மலர்ந்தது. மாஸ்டர் நோட்பேடைத் திறக்கச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஐந்து கீயைத் தட்டினார். எம், கே, செமிக்கோலன், கே, எச். திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன.

“சேர், இதுல ஒன்னும் வெளங்கலியே?” என்றான் பையன்.

“தம்பி, ஒனக்கு அம்மாவத் தெரியலையா?”

பையன் திகைத்துப்போய் அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

பாமினி எழுத்துருவில் அது ‘அம்மா’தான். அந்த லெப்டொப்பில் பாமினி இல்லை. அதனால் மற்றவர்களுக்கு அது குப்பை. மாஸ்டருக்கு எழுத்துரு தேவையில்லை. அந்தக் குப்பையை அவர் நேராகத் தமிழாக வாசிப்பார். அடுத்து ஜே, கே, பி, ஓ, செமிக்கோலன். “தமிழ்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு செமிக்கோலன் கீயை மட்டும் பத்துப் பதினைந்து தரம், ஒரு பக்கமாகக் காதைச் சாய்த்துத் தட்டிக் கேட்டார்.

இங்கே நான் மாஸ்டரின் கட்சி. லெப்டொப்பைப் பரிசோதித்து எழுதுகிற வெளிநாட்டார் எல்லோரும் ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்துத்தான் ‘நல்ல கீபோட்’ என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் செமிக்கோலன் என்பது வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போகிற விருந்தாளி. பாமினியில் அந்தக் கீயில் குடியிருப்பது புள்ளி. தமிழில் புள்ளி விழாத சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தனை புள்ளியையும் சுமப்பது வலக்கைச் சிறுவிரல், பத்து விரலில் சோனியான ஒன்று. மேலே சொன்ன ‘அம்மா’, ‘தமிழ்’ இரண்டிலும் இடக்கைக்கு ஒரு கீகூட இல்லை என்பதையும் பாருங்கள். எந்தக் கை, எந்த விரல் எவ்வளவு உழைக்கும் என்பது மொழிக்கு மொழி மாறும்போது, ஒருவனுக்கு நல்ல கீபோட் இன்னொருவனுக்கு எப்படி நல்லதாகும்?

இலேசான லெப்டொப்புகளில் இடம் போதாவிட்டால் கம்பனிக்காரர் முதலில் ஒடுக்குவதும் வலக்கைப் பக்க ஓரத்தைத்தான். அடைப்புக்குறிக் கீகள் மெலிந்துபோகும். பாமினிக்காரருக்கு ஜ-வும் ஸ-வும் அங்கேதான் இருக்கின்றன. மாவனல்லைப் பக்கத்துப் பெயர்களைக் கல்யாணக் கார்டில் அடிக்கிறவருக்கு ஸ இல்லாமல் ஒரு நாள் பிழைப்பு நடக்காது. ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனம் 700 கிராமுக்கும் குறைவான லெப்டொப் செய்தபோது, சிறுவிரல் தொடுகிற கீகளைக் கொஞ்சம் இலேசாக அமுங்கும்படி வைத்தது. ஜப்பான்காரன் தமிழ்ப் புள்ளியை நினைத்துச் செய்திருக்க மாட்டான் என்று சொன்னால் மாஸ்டர் ஒத்துக்கொள்வதில்லை.

பையன் இரண்டாவதை எடுத்து வைத்தான். மாஸ்டர் நடுவில் ஜி-யும் எச்-உம் சேருகிற இடத்தில் கட்டைவிரலால் அமுக்கினார். பலகை முழுதும் உள்வாங்கி எழும்பியது. “மெத்த” என்றார், அத்துடன் அது தள்ளுபடி. மூன்றாவதில் டெலிட் கீக்கு ஒட்டினாற்போல் பவர் பட்டன். எழுத்துப் பிழையைத் திருத்தப் போனவன் லெப்டொப்பையே தூங்க வைத்துவிடுவான். நான்காவது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான். ஸ்பேஸ் பார் அரைச்சாணுக்கும் குறைவு, இரு பக்கமும் விளங்காத கீகள். ஐந்தாவது வளைகுடாவிலிருந்து வந்தது. ஒவ்வொரு கீயிலும் அரபு எழுத்து. பள்ளிவாசல் பக்கமிருந்து வந்திருந்த இன்னொரு வாடிக்கையாளர் அதைப் பார்த்ததும் எட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டார். மாஸ்டருக்கு அதில் ஆட்சேபனை இல்லை. கீயின் தலையில் என்ன எழுதியிருந்தால் என்ன? அவர்தான் பார்ப்பதே இல்லையே.

கீபோட்டுக்குள் வெளிச்சம் எரிகிற வசதியை இரவல் கண் என்று ஏளனம் செய்வார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதுகூட அவர் கும்மிருட்டில் பழைய டைப்ரைட்டரில் மனு அடித்தவர். கடுகண்ணாவையில் கரண்ட் இல்லாத ராத்திரியில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால், யாரோ மின்சார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறார்கள் என்று ஊர் தெரிந்துகொண்டது.

அந்தப் பிள்ளை மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். “மாஸ்டர், நான் பாமினி அடிக்கிறதில்லையே?”

கடையில் ஓர் அமைதி.

“அப்ப என்ன மகள் அடிப்பீங்க? ரங்கநாதனா?”

இலங்கைத் தர நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று வகுத்த தரத்திலுள்ள விசைப்பலகை அது. பழைய டைப்ரைட்டர் வரிசையை ஒட்டியது. அதென்றால் மாஸ்டருக்குச் சம்மதம், பங்காளி முறை.

“இல்ல மாஸ்டர். தமிழ்99.”

மாஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். ‘ம’வை இரண்டு தரம் தட்டினால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். சிறுவிரலின் பாரத்தை உண்மையிலேயே இறக்கி வைத்தவர்கள் அதைச் செய்தவர்கள்தான்.

“புள்ளியத் தானா வைக்கிற மெஷின எப்பிடி மகள் நம்புறது? நாளைக்கு அதுவே கையெழுத்தும் வைக்கும்.”

மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தவர் ஆர். முத்தையா, தமிழின் இத்தனை எழுத்துகளையும் ஒரு டைப்ரைட்டருக்குள் அடக்க எவ்வளவு பாடுபட்டார் என்று ஒரு விரிவுரை தொடங்கியது. பையன் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்திருப்பான். அப்பா முதல் தடவையாக வாய் திறந்து, “பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும் தம்பி?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மாஸ்டரிடம் சொந்தமாக லெப்டொப் இல்லை என்பதை ஊரில் யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை. வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் கீபோட்டில் எழுத்தெல்லாம் அழிந்து, செமிக்கோலன் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. ‘நல்ல கீபோட்டா ஒன்னு வரட்டும், வாங்குவோம்’ என்று காத்திருக்கிறார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது, தாம் அவசரப்படாதது எவ்வளவு நல்லது என்று சொல்லிக்கொண்டார்.

கடைசியில், பின்னேரம் ஆகும்போது, முதலில் பார்த்த 999 கிராமையே எடுப்பது என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார். புள்ளி சுத்தமாக விழுகிறது. நடுப் பலகை அசையவில்லை. அம்புக்குறிக் கீகள் கொஞ்சம் சின்னது, மன்னிக்கலாம். பிள்ளை காலையிலேயே அதைத்தான் விரும்பினாள். அப்பா காசை எண்ணி வைத்தார். பையன் நிம்மதியில் இலவசமாக ஏதாவது தருவதாகச் சொன்னான்: மவுஸ் ஒன்று, அல்லது கீபோட்டுக்கு மேலே விரிக்கிற சிலிக்கன் கவர் ஒன்று.

“கவரக் குடுங்க” என்றார் மாஸ்டர் யோசிக்காமலே. “நம்ம ஊர் மழ, பனி, எறும்பு. சும்மா விட முடியுமா?”

அங்கேயே பிரித்து, நான்கு மூலையும் இழுத்து, ஒவ்வொரு கீக்கும் பொருந்தும்படி விரல் நுனியால் நீவி விட்டார். பிள்ளை அதன் மேல் இரண்டு மூன்று கீயைத் தட்டிப் பார்த்தாள்.

“மாஸ்டர், இப்ப கீ அமுங்குறதே தெரியலையே?”

“அது பழகிரும் மகள்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டார்.