என் வீட்டுக் கதவை நானே சாத்திக்கொள்ள அனுமதி வேண்டி

அனுப்புநர்: ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன் தொழிலாளி, ஆம்பூர், வேலூர் மாவட்டம் (2019 நவம்பரிலேயே திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டது, கை இன்னும் பழகவில்லை).

பெறுநர்: உயர்திரு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அவர்கள், மைக்ரோசாஃப்ட் தலைமையகம், ரெட்மாண்ட், அமெரிக்கா.

பொருள்: வேண்டாத இணையதளங்களை வீட்டுக் கணினியில் அடைக்க முன் அனுமதி கோருதல்.

ஐயா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, என் வீட்டுக் கணினியில் ஒரு கோப்பைத் திருத்தலாம் என்றிருக்கிறேன். நான் காசு கொடுத்து வாங்கிய கணினிதான். ஆனாலும் நீங்கள் எனக்கு முன்பே விண்டோஸின் வைரஸ் காவலராக அதில் குடியேறிவிட்டவர். வீட்டில் பெரியவர் இருக்கும்போது கேட்காமல் கதவைத் தொடாதே என்று சொல்லி வளர்த்தாள் எங்கள் அம்மா. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண் ஒளிச்சேர்க்கை என்று தேடினால் ஓரத்தில் ரம்மிச் சீட்டு விரிகிறது. என் மைத்துனர் சம்பள நாளில் மட்டும் பாசமாக வீட்டுக்கு வருவார். பாசம் கணினி மேல், அதில் ஆடும் ரம்மி மேல். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். 2020-இல் ஆன்லைன் ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது. 2021-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2022-இல் மறுபடி மசோதா போய், அடுத்த மார்ச்சில் ஆளுநரிடமிருந்து திரும்பி வந்தது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே, ரம்மி திறமையாட்டம், அதற்குத் தடை செல்லாது என்று தீர்ப்பு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. முதல் அவசரச் சட்டம் வந்தபோது என் பெண் நாலாம் வகுப்பு. கடை ஒரு பெயரில் மூடினால் இன்னொரு பெயரில் திறக்கிறது. இனி நானே பூட்டிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பூட்டு விண்டோஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மகன் சொன்னான். சிஸ்டம்32 என்ற பெரிய அறைக்குள், டிரைவர்ஸ் என்ற அலமாரியில், ஈடிசி என்ற டப்பாவில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. 1983-இல் இப்போதைய முகவரி ஏற்பாடு வருவதற்கு முன்பு, எந்தக் கணினி எங்கே இருக்கிறது என்பதை இப்படி ஒரே பட்டியலில் எழுதி, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டார்களாம். அந்தப் பட்டியலின் வாரிசுதான் இது. வேண்டாத தளத்தின் பெயரை எழுதி, அதற்கு முன்னால் நான்கு பூஜ்யங்களைப் புள்ளி வைத்துப் போட்டால், கணினி அந்தத் தளத்தைத் தேடிப்போய் ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கும். காசில்லை, கம்பெனியில்லை, மாதச் சந்தா இல்லை. ஒரு பெயருக்கு ஒரு வரி என்பதால் என் பட்டியலின் பதினொரு பெயர்களுக்கு விரல் வலிக்கும், அவ்வளவுதான்.

இதற்கு எதற்கு உங்களிடம் அனுமதி என்று மனைவி கேட்டாள். உங்கள் கடந்தகாலம் தெரியாதவள்.

2012-இல், விண்டோஸ் 8 வரும் சமயம், சிலர் இதே கோப்பில் ஃபேஸ்புக்கையும் டபுள்கிளிக் என்ற விளம்பரக் கடையையும் அடைத்து வைத்தார்கள். நீங்கள் அந்த வரிகளை அழித்துவிட்டீர்கள். 2020 ஜூலைக் கடைசியில், ரெட்மாண்டுக்குத் தகவல் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் முகவரிகளை அடைத்தவர்களைப் பிடித்து, ‘ஹோஸ்ட்ஸ் கோப்புக் கடத்தல்’ என்று பெயர் சூட்டி, ‘கடுமையானது’ என்று முத்திரை குத்தினீர்கள். சுத்தம் செய் என்று சொன்னால் கோப்பையே ஆதி நிலைக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். எக்ஸ்பி காலத்திலோ மைக்ரோசாஃப்ட்டின் சொந்த முகவரிகள் சில இந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்வந்தன. முதலாளி வீட்டுச் சொந்தக்காரர் வந்தால் கேட்டில் கையெழுத்துக் கேட்காத செக்யூரிட்டியை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் எனக்குச் சோறு செரிக்காது. 2004-இல் மைடூம் வைரஸின் ஒரு வகை இதே கோப்பில் புகுந்து, வைரஸ் தடுப்புக் கம்பெனிகளின் தளங்களுக்கு யாரும் போக முடியாதபடி செய்தது. வங்கியின் பெயரை எழுதித் திருடன் வீட்டுக்கு வழிகாட்டவும் இந்தக் கோப்பு போதும். காவலுக்கு வந்தவர் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். வீட்டுக்காரன் உள்ளே நின்று தாழ்ப்பாள் போடுவதும் திருடன் வெளியே நின்று தாழ்ப்பாள் உடைப்பதும் உங்களுக்கு ஒரே சத்தமாகக் கேட்கிறதே, அதுதான் என் வருத்தம். ‘அனுமதி’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. அதை அழுத்தினால் என் வரிகளோடு நாளைக்குத் திருடன் எழுதப்போகும் வரிகளுக்கும் சேர்த்து அனுமதி என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளைக்குப் பத்திரிகை வைத்தால் ஊர் ரவுடிக்கும் வைத்ததாகக் கணக்கா, ஐயா?

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். பாலாற்றில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு. மாசு செய்தவரே செலவைக் கட்ட வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவர் தலையில்தான். வழக்குக்குள் வந்த மாவட்டங்களின் டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பத்தாயிரத்தைப் பார்த்துப் பாலாறு பயந்து தெளிந்துவிடவில்லை. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. தோலில்தான் என் சோறும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் நிரூபிக்க வேண்டியவர் கழிவு விடுகிறவர் என்று சட்டம் சொன்னது. உங்கள் நாட்டாமையில் அது தலைகீழ். ரம்மிக்காரர் எதையும் நிரூபிக்காமல் என் பெண்ணின் பாடத்துக்குள் வழிகிறார். கிணற்றைச் சுற்றி நாலு கூடை மண் கொட்டிக்கொண்டவன்தான் ‘கடுமையானது’.

ரம்மித் தளங்கள் உங்கள் கண்ணில் படாமலே போகலாம். அவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள் இல்லையே. ஆனால் டபுள்கிளிக்கும் உங்கள் சொந்தம் இல்லை, அந்த வரியையும் அழித்தீர்களே. அதனால் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறேன். அந்தக் கோப்பில் புது வரி கண்டால், அழிக்குமுன் வரியைக் காட்டி, “இதை நீங்கள்தான் எழுதினீர்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள். வேறு யாராவது வந்து எழுதினால் அப்போது கத்துங்கள். நானும் சேர்ந்து கத்துகிறேன்.

பதில் வராவிட்டால் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நோட்பேடைத் திறப்பேன். நிர்வாகியாகத் திறந்தால்தான் சேமிக்க விடுவீர்களாமே. அந்த நிர்வாகி நான்தான் என்பதை இப்போதே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்

இணைப்பு: அடைக்க வேண்டிய முகவரிகள் பதினொன்று.
நகல்: மைத்துனருக்கு அனுப்பப்படவில்லை.