சங்கு ஊதுனாத்தான் நிமிருவியா, பேராண்டி?

ஏலே பேராண்டி, போன்ல இருந்து கொஞ்சம் தலையைத் தூக்கு. சரி, வேண்டாம், குனிஞ்சபடியே கேளு. உன் முகம் எனக்கு மறந்தே போச்சு. உச்சந்தலைச் சுழியைப் பார்த்துத்தான் இவன் நம்ம பயன்னு அடையாளம் கண்டுக்கிடுதேன். ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாக. உனக்கு ஒண்ணுக்கே வழியைக் காணோம். பொண்ணு எதிர்ல வந்து நின்னாலும் நீ நிமிந்து பார்த்தாத்தானே!

மகாராஷ்டிராவுல சாங்லி ஜில்லாவுல மோஹித்யாஞ்சே வட்காவ்னு ஒரு ஊரு. கரும்பு விளையுற பூமி. கொரோனாக் காலத்துல அங்கயும் பள்ளிக்கூடம் போனுக்குள்ளதான் நடந்துச்சு. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளைக கையை விட்டு போன் இறங்கல. 2022-ல ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தாக. சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில்ல இருந்து சங்கு ஊதும். ஊதுனதும் டிவி, போன் ரெண்டையும் அணைச்சுப்புடணும். பிள்ளைக படிக்கணும், பெரியவுக ஒருத்தருக்கொருத்தர் பேசணும். எட்டரை மணி வரைக்கும் இதுதான் சட்டம். நம்ம கோவில்பட்டிப் பக்கம் மில்லுச் சங்கு ஊதுனா வேலைக்கு ஆள் ஓடும். அங்க பொண்டாட்டிகிட்டப் பேசுறதுக்குச் சங்கு ஊத வேண்டியிருக்கு. நம்ம வீட்டுல அந்தச் செலவு வேண்டாம். ஏழு மணிக்கு நான் ஒரு இருமல் இருமுதேன், அதையே சங்குன்னு வச்சுக்க.

உடனே போனைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லுவேன்னு நினைச்சியாக்கும்? நான் எதுக்குச் சொல்லுதேன்? உங்க ஆச்சி அசந்து தூங்குன பிறகு நான் சரோஜாதேவி பாட்டுப் பார்க்கிறது எதுல? காலையில கோழி கூவுறதுக்கு முந்தி ரோஜாப்பூவுல ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புற பெருசுகளும் இந்த ஊர்லதான் இருக்காக. உன்னை மட்டும் குத்தம் சொன்னா அது நியாயமில்ல.

என் வருத்தம் வேற. உங்க அப்பனும் அவன் சேக்காளியும் ஒரு பொங்கலுக்குக் கபடியில அடிச்சுக்கிட்டாக. சட்டை கிழிஞ்சு, பல்லு ஆடி, இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சத்தியம் வேற. மறுநாள் விடிஞ்சா ரெண்டு பேருக்கும் அதே டீக்கடை, அதே பம்பு செட்டு. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே குளிப்பான்? ஒருத்தன் சோப்புக் கேட்டான், இன்னொருத்தன் நீட்டினான். சண்டை தீந்துச்சு. சமாதானம்னு ஒருத்தனும் வாயைத் திறக்கல, பஞ்சாயத்தும் கூடல. உனக்குச் சண்டைன்னா ‘பிளாக்’. கட்டை விரலால ஒரு அமுக்கு, பத்து வருசச் சிநேகிதம் காலி. சோப்புக் கேட்க அவன் எந்த வழியா வருவான், சொல்லு?

அந்த நீல டிக்கு ஒண்ணு இருக்கே, 2014 கடைசியில வாட்ஸ்அப்புக்குள்ள வந்த சனி. எங்களுக்கு லெட்டருக்குப் பதில் வரலைன்னா தபால்காரரை நாலு வார்த்தை திட்டிட்டு மாட்டை அவுக்கப் போயிருவோம். உனக்கு டிக்கு நீலமாகி அரை மணி ஆனா நெஞ்சு அடைக்குது. “பார்த்துட்டும் பேசல தாத்தா.” அந்தப் பிள்ளை தோசைக்கல்லுகிட்ட நின்னாளோ, என்னவோ! அந்த நீலத்தை அணைச்சு வைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்குன்னு எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா நீ அணைச்சா அவ பார்த்தாளா இல்லையான்னு உனக்கும் தெரியாமப் போயிரும். அதான் அணைக்க மாட்டேங்கிற. கள்ளப்பய.

இன்னொண்ணும் சொல்லுதேன். எந்தக் கிணத்தையும் இறைச்சுக்கிட்டே போனா ஒரு நேரம் தூரு தெரியும், மோட்டாரை நிறுத்திட்டு வீட்டுக்கு வரலாம். நீ போன்ல விரலால இறைக்கிற கிணத்துக்குத் தூரே வைக்கல. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்குறபடி 2006-ல செஞ்சு குடுத்தவரு அசா ராஸ்கின்னு ஒரு அமெரிக்கக்காரரு. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சாரு. பிறகு இப்படிப் பண்ணிப்புட்டமேன்னு அவரே வருத்தப்பட்டுப் பேசினாரு. செஞ்ச மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ இன்னும் இறைச்சுக்கிட்டு இருக்கே.

சட்டம் போட்டா சரியாகுமாங்கிற? ஆஸ்திரேலியாவுல போட்டுட்டாக. 16 வயசுக்குக் கீழ இருந்தா இன்ஸ்டாகிராம், டிக்டாக்லயெல்லாம் கணக்கு வைக்கக் கூடாதுன்னு 2025 டிசம்பர் 10-ல இருந்து நடப்புக்கு வந்திருக்கு. அங்க எப்படியோ, இங்க போட்டா மறுநாளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் தாத்தா பேர்ல கணக்குத் திறந்திரும். எனக்கு எழுபத்தஞ்சு வயசுல குத்துப்பாட்டு ரீல்ஸ் போட்ட கெட்ட பேருதான் மிச்சமாகும். 2020 ஜூன்ல நம்ம சர்க்காரு டிக்டாக்கைத் தடை பண்ணலையா? ஊரே ஒப்பாரி வச்சுது. பத்து நாள்ல ரீல்ஸ் வந்துச்சு, அதே ஆட்டம் அங்க போய் ஆடுனீக.

அதுக்காக எங்க காலத்துத் திண்ணையும் சாவடியும் சொர்க்கம்னு நான் அளக்க மாட்டேன். எவன் ஏறி உக்காரலாம், எவன் தள்ளி நிக்கணும்னு சாதிக் கணக்குப் பார்த்த இடமும் அதுதான். பொம்பளைப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் போகவே வழி கிடையாது. உங்க அத்தை கல்யாணமாகிப் போன பிறகு அவ கூட்டுக்காரிகளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல; இப்பத்தான் நாலு கிழவிகளும் குரூப்பு ஆரம்பிச்சு சிரியோ சிரின்னு சிரிக்குதாக. அவளுக்குச் சாவடி அதுக்குள்ளதான் இருக்கு. அவகிட்ட இருந்து போனைப் பிடுங்குறவன் பாவி. உனக்கோ வாசல் திறந்து கிடக்கு, வண்டி இருக்கு, பெட்ரோலுக்கு அப்பன் துட்டு இருக்கு. சேக்காளி வீடு ரெண்டு தெரு தள்ளி. அவனுக்கும் ‘ஹாய்’தானா?

கல்யாணப் பத்திரிகையையும் போன்லயே அனுப்பி, ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’னு எழுதுதாக. நானும் பதில் போட்டேன்: ‘நேரில் வந்து சாப்பிட்டதாக ஏற்றுக்கொள்ளவும்’னு. மறுநாளே வெத்தலைத் தட்டோட வீடு தேடி வந்துட்டாக. அது கிடக்கட்டும், கல்யாணத்துக்கு நீ மொய்யை ஸ்கேன் பண்ணியே அனுப்பு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். துட்டிக்கு மட்டும் ஆளா வந்து நில்லுடா. செத்த வீட்டுல யாரும் பேச்சை எதிர்பார்க்கிறதில்ல, பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தாப் போதும். அதை எந்தப் போன்ல அனுப்புவே? அடுத்த துட்டி அநேகமா என்னுதுதான். அன்னைக்கு என் போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டுக் கூட ஒரு மெழுகுவத்தியை எரியவிட்டுட்டு இருந்த இடத்துலயே உக்காந்துக்கிட்டேன்னு வையி, பாடையில இருந்து எந்திரிச்சு வந்து உன்னை பிளாக் பண்ணிப்புடுவேன், பார்த்துக்க.