சென்சார் போயிருக்கு சார்

பதினைந்து வயதைத் தாண்டிய காரில் என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் மூன்றும் விடாமல் எரிகின்றனவா? மெக்கானிக் எட்டிப் பார்த்து, "சென்சார் போயிருக்கு சார்" என்பார். எந்த சென்சார் என்று கேட்பது மரியாதையல்ல.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். காரணம் வெடித்துப்போன ரப்பர் ஹோஸாக இருக்கலாம். ஆனால் புகார் சொன்னவனையே உள்ளே தள்ளும் நம் வழக்கப்படி, மாற்றப்படுவது ஆக்ஸிஜன் சென்சார்தான். விளக்கு அணையும், அந்தக் குறியீட்டை அழித்துவிட்டார்களே! பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே கதை. ரேடியோ ஸ்டேஷன்கள் மட்டும் கூடுதல் நஷ்டம்.

மூன்று விளக்கும் சேர்ந்து எரியும் பல வண்டிகளில் உண்மையான ஆசாமி, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பச்சை பூத்துக் கிடக்கும் எர்த் ஒயர். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் போதும். உப்புத்தாளுக்கு எவ்வளவு பில் போட முடியும்? அதனால் யாரும் சொல்வதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களே, சாவியைத் திருப்பியதும் இந்த விளக்குகள் எல்லாம் சில நொடி எரிந்தே ஆக வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் மகிழ வேண்டாம். மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.