மேலே இருப்பதை எங்கே வைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை வந்த பியானோ ட்யூனர், கருவிப் பையைத் தரையில் வைப்பதற்குள் கேட்டுவிட்டார்: “சார், இதையெல்லாம் யாரு எடுக்கப் போறீங்க?”

அப்ரைட் பியானோவை ட்யூன் செய்ய மேல்மூடியைத் திறந்தாக வேண்டும். மூடியைத் திறக்க அதன் மேல் இருப்பதை எடுத்தாக வேண்டும். எடுத்ததை எங்காவது வைத்தாக வேண்டும். ட்யூனர் காபி குடித்தார். வாட்ஸ்அப் பார்த்தார். எதிர்வீட்டு ஏசி ஓடும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, “ஏ-வுக்குக் கொஞ்சம் கீழே நிக்குது” என்றும் சொன்னார். அப்போதும் வீட்டார் பாதிதான் இறக்கியிருந்தார்கள். கூலி மட்டும் முழுசாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டுரையாளருக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இந்தப் பியானோவை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு சொல்லத்தான் இக்கட்டுரை தொடங்கப்பட்டது.

பொருள், ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் யமஹா யூ1. எடை 200 கிலோவுக்கு மேல். மகள் டிரினிட்டி பரீட்சை எழுதத் தொடங்கிய காலத்தில் வாங்கியது. இளையராஜாவும் ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர்கள் என்று யாரோ சொல்லப்போக, அடுத்த பெயர் நம் வீட்டிலிருந்துதான் என்று மொத்தக் குடும்பமும் நம்பியது. ஐந்தாம் கிரேடு முடிந்ததும் பத்தாம் வகுப்பு வந்தது. “ஒரு வருஷம் மட்டும் கேப் விடலாம்” என்றார்கள். மகள் இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். கேப் தொடர்கிறது.

யூ1-இன் உயரம் 121 செ.மீ. குறையே அதுதான். நிற்கிற மனிதர் கையிலிருப்பதை யோசிக்காமல் வைத்துவிட்டு நகரக்கூடிய உயரம் அது. அதே கம்பெனியின் யூ3 இதைவிடப் பத்து செ.மீ. உயரம். அதை வாங்கியிருந்தால் மாமியாருக்கு எட்டியிருக்காது.

வீட்டில் தட்டையாக ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் நமக்குக் கை அரிக்கும். பிக்சர் ட்யூப் டிவி இருந்த காலத்தில் அதன் தலையில் குரோஷா விரிப்பும், விரிப்பின் மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இருந்தன. டிவி ஒல்லியானதும் பொம்மை அநாதையானது. ஃப்ரிட்ஜ் மேல் ஏற்கெனவே மாத்திரை டப்பாவும், சுருட்டிய நிலையிலேயே வயசாகிப்போன காலண்டர்களும், என்றோ செத்துப்போன ஸ்டெபிலைசரும் குடியிருந்தன. வாஷிங் மெஷினின் மேல்மூடி சலவைக்குத் திறந்தாக வேண்டும் என்பதால் அங்கே துவைக்காத துணி மட்டுமே தங்கும். தையல் மெஷின் இஸ்திரித் துணிக்கு ஒதுக்கப்பட்டது. இந்த நெருக்கடியில்தான் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பளபளவென்று கறுப்பாக ஒரு பரப்பு வீட்டுக்குள் வந்து இறங்கியது. இறக்கியவர்கள் படியிறங்கிப் போவதற்குள் தலையாட்டி பொம்மை அதன் மேல் ஏறிவிட்டது.

அன்று முதல் மகளின் சர்டிபிகேட் ஃப்ரேம், பி.பி. பார்க்கும் மெஷின், திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம், விற்றுவிட்ட ஏசியின் ரிமோட், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. கல்யாணப் பத்திரிகைகள் தனி அடுக்கு. மூலையில் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் படம் போட்ட பத்திரிகையைக் குப்பையில் போட எந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? விவாகரத்து ஆனவர்களின் பத்திரிகைகூட அந்த அடுக்கில் பத்திரமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த டிரை ஃப்ரூட் டப்பா காலியாகி, உள்ளே பட்டன்கள். பட்டன் டப்பாவுக்கு மேல், பட்டனை எதில் தைக்க வேண்டுமோ அந்தச் சட்டை. சட்டைக்கு மேல், “இங்க வைக்காதீங்க” என்று மகள் எட்டாம் வகுப்பில் எழுதி ஒட்டிய அட்டை. ஒட்டு விட்டுப்போய் அதுவும் படுத்துவிட்டது.

பியானோவைக் கண்டுபிடித்தவர் இத்தாலியர் கிறிஸ்டோஃபோரி. அவர் 1720-ல் செய்த பியானோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. இருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். அதன் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடையாது. 300 வருஷம் தாங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கட்டுரையாளர் வீட்டு யூ1 மேலே உள்ள சுமையைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள் இரும்புச் சட்டத்தைப் பிடித்து இழுக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் 16 டன்னுக்குக் குறையாது. வாசிக்கும்போதுதான் வம்பு. நடுவிலுள்ள டி-யை அமுக்கினால் குங்குமச் சிமிழின் மூடி ‘கிர்ர்ர்’ என்று கூடப் பாடும். கம்பி தளர்ந்துவிட்டது என்று பயந்து ட்யூனரைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். அவர் சிமிழை எடுத்து மாமியாரிடம் கொடுத்தார், சத்தம் நின்றது.

சரி, விற்றுவிடலாமே என்பீர்கள். விற்கச் சொல்லிக் காரணங்கள் ஏராளம். பியானோ என்பது மரமும் கம்பளியும் சேர்ந்த சாமான். சென்னைக் காற்றின் ஈரத்தில் சவுண்ட் போர்டு உப்பும், வறண்டால் சுருங்கும். இரண்டுக்கும் சுருதி ஆடும். மழைக்காலத்தில் அமுக்கிய கட்டை எழுந்து வராது. சுத்தியல்களில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும். ஈரத்துக்கு உள்ளே ஒரு குண்டு பல்ப் எரிய வேண்டும், பூச்சிக்கு அந்துருண்டை போட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ட்யூனிங் வேண்டும் என்கிறார்கள். 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை இன்றும் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கலாக நடக்கிறது என்றால், இந்த ஊர் அத்தனை காலமாக இந்தத் தொல்லையைக் காசு கொடுத்து வாங்குகிறது என்று அர்த்தம். “வித்துடாதீங்க, அது வீட்டுக்கே ஒரு லட்சுமி” என்று அறிவுரை சொல்கிற உறவினர்களில் ஒருவர்கூட ட்யூனருக்குக் காசு கொடுத்ததில்லை.

விளம்பரமும் போட்டாயிற்று. மேலே இருப்பதை இறக்கச் சோம்பல்பட்டு, அப்படியே படம் பிடித்துப் போட்டார்கள். முதலில் வந்த மெசேஜ்: “லாஸ்ட் பிரைஸ்?” இரண்டாவது: “அந்த டான்ஸிங் டால் தனியா குடுப்பீங்களா?” இன்னொருவர் கீபோர்டுக்கு எக்ஸ்சேஞ்ச் கேட்டார். சென்னைக்குப் பக்கத்திலேயே யமஹா தொழிற்சாலையில் 2019 முதல் கீபோர்டு தயாராகிற ஊரில், பாவம், அவருக்கு அது அரிதாகத் தெரிந்திருக்கிறது. நேரில் வந்த ஒருவர் கட்டையை நகத்தால் தட்டி, “ஐவரியா சார்?” என்று ரகசியக் குரலில் கேட்டார். ஐவரியாக இருந்தால் வனவிலங்குச் சட்டப்படி விற்பனையே கூடாது, இது பிளாஸ்டிக் என்றதும் முகம் விழுந்துவிட்டது.

கடைசியில் ஒரு பியானோ டீச்சர் வந்தார். 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் அமுக்கினார். கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார், பெடலை மிதித்தார், பேரம் பேசாமல் நியாயமான விலை சொன்னார். வியாழக்கிழமை வண்டி அனுப்புவதாகவும் சொன்னார்.

“வியாழக்கிழமையா?” என்றார் மனைவி.

“மாப்ளே, அப்ப மேல இருக்கறதெல்லாம்?” என்றார் மாமியார்.

மறுநாள் காலை தச்சர் வரவழைக்கப்பட்டார். பியானோ இருக்கும் இடத்தில் அதே நீளம், அதே 121 செ.மீ. உயரத்தில் ஒரு ஷோகேஸ். அளவெடுத்துவிட்டு, தேக்கா பிளைவுட்டா என்று கேட்டார். டீச்சர் தரும் பணத்துக்குள் முடிய வேண்டுமென்றால் பிளைவுட்தான் என்பது கட்டுரையாளர் கட்சி. மாமியார் தேக்குக் கட்சி. மனைவி இன்னும் கட்சி சேரவில்லை. டீச்சரோ ஸ்டூலும் சேர்த்துத்தானே என்று போன் செய்துகொண்டிருக்கிறார். அந்த ஸ்டூல் மேல் இப்போது மிக்ஸி இருக்கிறது.