வாய்க்கு ஒரு பதில், விரலுக்கு ஒரு பதில்

ஏலே பேரா, பட்டணத்துல சர்வே கம்பெனியில பெரிய உத்தியோகம் பாக்கன்னு கேள்விப்பட்டேன். நல்லா இரு. நீ அனுப்பின லிங்கை நம்ம தெருவே திறந்து பாத்தாச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் கீழ ஒரு மைக் படம், பக்கத்துல ஒரு கீபோர்டு படம். பேசியும் சொல்லலாம், தட்டியும் சொல்லலாம். ரெண்டுல எது தேவலைன்னு பெரிய படிப்பு படிச்சவங்களை எல்லாம் விட்டுட்டு எங்கிட்ட கேட்டிருக்க பாரு, அங்கதான் நீ கெட்டிக்காரன். கிழவன் ஃபீஸ் கேக்க மாட்டான்லா.

உங்க மேனேஜர் "பேச்சுதான் வேகம், எல்லாத்தையும் மைக்குக்கு மாத்து"ங்காராமே. அவரு சொல்லுதது பொய்யில்லை. 2016ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆளுங்களும் சீனாவுல பைடு கம்பெனி ஆளுங்களும் சேந்து சோதிச்சுப் பாத்திருக்காவ. போன்ல தட்டுததைவிடப் பேசி எழுத வைக்கது இங்கிலீஷ்ல ஏறக்குறைய 3 மடங்கு வேகம். சீன மொழியிலயும் கிட்டத்தட்ட அதே கதைதான். உன் தங்கச்சி அந்தக் கட்டுரையை எடுத்து வச்சு எனக்கு வரிக்கு வரி அர்த்தம் சொன்னா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "பேசினவங்க என்னத்தைப் பேசினாவ, பிள்ள?" வாக்கியத்தை முன்கூட்டியே குடுத்துட்டாவளாம். அதைப் பாத்துச் சொல்லணும், இல்லாட்டி பாத்துத் தட்டணும். அம்புட்டுதான்.

சரி, குடுத்ததை ஒப்பிக்க வாய் வேகம்தான். நீ கேக்கது என்ன? "கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பத்தின் மொத்தக் கடன் எவ்வளவு?" சங்கத்துல வச்ச நகை, மகளிர் குழுக் கடன், மளிகைக்கடை பாக்கி, அண்ணன்கிட்ட வாங்கின கைமாத்து, புருசனுக்குத் தெரியாம வாங்கினது, எல்லாத்தையும் ஒருத்தி மனசுக்குள்ள கூட்டி முடிக்கதுக்குள்ள உன் மைக் அணைஞ்சு போயி "மீண்டும் முயலவும்"னு சொல்லுது. வாய் 3 மடங்கு ஓடும், ராசா. மனக்கணக்கு பழைய நடைதான் நடக்கும்.

புருசனுக்குத் தெரியாம வாங்கினதுன்னு ஒண்ணு சொன்னேன்லா, உன் சர்வே மொத்தமும் கவுந்து கிடக்கது அங்கனதான். மைக்கா கீபோர்டான்னு நீங்க எல்லாரும் மல்லுக்கட்டுதிய. பதில் சொல்லும்போது பக்கத்துல யாரு நிக்கான்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கியளே!

நம்ம வீடுகள்ல ஆளுக்கொரு அறையா இருக்கு? ஒரே கூடம், ஒரே ஃபேன், அதுக்குக் கீழ மொத்தக் குடும்பமும். "வீட்டில் பணம் குறித்த முடிவுகளை எடுப்பவர் யார்?"ன்னு நீ கேக்க. மருமக மைக்கைத் தொட்டு, "எங்க மாமாவும் அத்தையும்தாங்க, அவங்க சொல்லுதபடிதான் எல்லாம்"னு குழைஞ்சு பேசுதா. அத்தைக்காரி காய் நறுக்கிக்கிட்டே காதை இந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்காளே, வேற என்ன சொல்லுவா? அவளே ராத்திரி போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அதே கேள்விக்குத் தட்டட்டும், வேற பேரு வரும். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த நம்ம ஆளு ஒருத்தனுக்கு "மது அருந்தும் பழக்கம் உண்டா?"ன்னு வந்துச்சு. "அந்த நாத்தமே நமக்கு ஆவாது சார்"னு மைக்குல சத்தமா சொன்னான். கடையே சிரிச்சுது. உன் கம்ப்யூட்டருக்கு அந்தச் சிரிப்பு எங்க விளங்கப் போவுது? "இல்லை"ன்னு கட்டத்துல போட்டு வச்சிருக்கும். நீயும் அதை விழுக்காடாக்கி, கலர் கலரா வட்டம் போட்டு, மேனேஜருக்குக் காட்டியிருப்ப.

இது கிழவன் குசும்புன்னு நினைக்காத. 2015ல அமெரிக்காவுல மைக்கேல் ஷோபர், ஃப்ரெடரிக் கான்ராட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கூட்டாளிகளோட சேந்து ஒரு கட்டுரை போட்டாவ. ஐபோன் வச்சிருக்க 600 பேருக்கு மேல பேட்டி எடுத்திருக்காவ. சில பேருக்கு போன்ல பேச்சு, சில பேருக்குக் குறுஞ்செய்தி. கேட்டது மனுசனா இருந்தாலும் மெசினா இருந்தாலும், வெளிய சொல்ல வெக்கப்படுத சங்கதியைக் கூடுதலா ஒத்துக்கிட்டது குறுஞ்செய்தியில பதில் போட்டவங்கதான். எண்ணிக்கை கேட்ட இடத்துலயும் அவங்கதான் சுத்தமா சொன்னாவ; பேசினவங்க பத்துக்கும் நூறுக்கும் உருட்டிவிட்டது அதிகம். நம்ம ஊர்ல வச்சுப் பாரு. கரண்டு பில் 870 ரூவான்னு வச்சுக்கோ. தட்டுதவன் எந்திரிச்சுப் போயி அட்டையைப் பாத்து 870னு போடுவான். பேசுதவன் "ஒரு ஆயிரம் வரும்"பான். மறுமுனையில ஒருத்தர் காத்துக் கிடக்காரேங்கிற கூச்சம் அவனுக்கு. அங்க நடந்தது போன் பேட்டி, நீ வச்சிருக்கது சும்மா பதிவு பண்ணுத மைக். வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா வாயைத் திறந்தா சத்தம் அடுக்களை வரைக்கும் போவுமா போவாதா?

உடனே மைக்கைப் பிடுங்கித் தூரப் போட்டுராத. தட்டுத பக்கத்துலயும் ஓட்டை நெறையக் கிடக்கு. 247 எழுத்தையும் உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சிருக்காவ. 1999லயே அரசாங்கம் தமிழ்99ன்னு ஒரு விசைப்பலகையை ஏத்துக்கிட்டுச்சு, நல்ல ஏற்பாடுதான், ஆனா நம்ம தெருவுல அது தெரிஞ்சவங்க யாரு? இளவட்டங்க தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டுதுக. என்னைய மாதிரி மம்பட்டி பிடிச்சே தேஞ்ச விரலுக்கு ஒரு புள்ளி வைக்கதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்.

"ஊரின் முக்கியப் பிரச்சினை என்ன? விரிவாக எழுதவும்"னு கட்டம் கட்டி விட்டிருக்க. தட்டினவங்க எல்லாரும் எழுதினது "தண்ணி". விரிவாம்ல விரிவு! அதே கேள்விக்கு மேலத்தெருக்காரி மைக்குல பேசினா பாரு: குழாய் எப்பம் போட்டாவ, எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, மோட்டார் வச்சு உறிஞ்சுத வீடு எது, போன எலக்சன்ல வாக்குக் குடுத்துட்டுப் போனது யாருன்னு மொத்த வரலாறையும் கொட்டிட்டா. ஜெர்மனியில அரசியல் கேள்விகளை வச்சு ஸ்மார்ட்போன்ல சோதிச்ச கட்டுரை ஒண்ணு 2022ல வந்திருக்கு. அங்கயும் பேசின பதில் எழுதின பதிலைவிட நீளம். ஸ்பெயின்ல இன்னொரு கூட்டம் சோதிச்சப்போ, பேசச் சொன்னா பதிலே சொல்லாம நழுவுதவங்க அதிகம்னு தெரிஞ்சிருக்கு. வாயைத் திறந்தவன் அள்ளிக் குடுக்கான். திறக்கதுக்குத்தான் ஆளில்லை.

ஏன் இல்லைன்னு கேளு. "மைக்கைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்"னு போன் கேட்ட உடனே நம்ம சனத்துல பாதி ஓடிருச்சு. டிஜிட்டல் கைதுன்னு மிரட்டிப் பணத்தைப் பறிக்க கூட்டம் திரியுத காலம். முகந்தெரியாத லிங்குக்குக் குரலைக் குடுன்னா எவன் குடுப்பான்? இன்னொண்ணும் இருக்கு. "உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும், பெயர் கேட்கப்படாது"ன்னு மேல எழுதிருக்க, கீழ குரலைப் பதிஞ்சுக்கிடுத. ஏலே, பேரு எதுக்கு? இருமுத சத்தத்தை வச்சே எந்த வீட்டுக் கிழவன்னு சொல்லுத ஊரு இது. தனிப்பட்ட தகவலுக்குச் சம்மதம் வாங்கணும்னு 2023ல டெல்லியில சட்டம் போட்டிருக்காவ. அந்தச் சம்மதக் கட்டத்தை நீ எறும்பு எழுத்துல வச்சிருக்க. என் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன், ஒண்ணும் தட்டுப்படல.

குரலை எழுத்தாக்குத மெசின் சங்கதியும் கொஞ்சம் இருக்கு. 2006லயே அமெரிக்க ஆளுங்க சில பேரு எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனத்தோட சேந்து நம்ம தமிழ்நாட்டு விவசாயிகளுக்காக "தமிழ் மார்க்கெட்"னு ஒரு பேசுத மெசின் செஞ்சு பாத்தாவ. அவங்க பேராசைப்படல. கிராமத்து ஆளுங்க குரலையே போய்ப் பதிஞ்சு, சில ஒத்தை வார்த்தை மட்டும் புரிஞ்சா போதும்னு வச்சாவ. 2017ல கூகுள் பேச்சுத் தட்டச்சுல தமிழைச் சேத்துச்சு. செய்தி வாசிக்க மாதிரி பேசினா அழகாத்தான் எழுதுது. உங்க ஆச்சி வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுப் பேசினா அதுக்கு மூச்சு முட்டுது.

இப்பம் குஜராத்துக்கு வா. அங்க 2009ல ரெண்டு சோதனை நடந்திருக்கு, ரெண்டையும் உன் மேனேஜர் படிச்சிருக்க மாட்டாரு. ஒண்ணு விவசாயிங்க போன்ல தகவல் கேக்குத ஏற்பாடு. பேசித் தேர்ந்தெடுக்கதா, எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்கதான்னு பாத்தாவ. நாம எல்லாரும் திட்டுதோமே "ஒன்றை அழுத்தவும்"னு, அந்தச் சவந்தான் ஜெயிச்சுது. வேலையை முடிச்சவங்களும் அதுலதான் அதிகம், சுளுவா இருக்குன்னு சொன்னதும் அதைத்தான்.

ரெண்டாவதுதான் முக்கியம், நல்லா கேட்டுக்கோ. சுகாதாரப் பணியாளருங்க நோயாளி விவரத்தை போன் வழியா அனுப்பணும். மூணு வழி வச்சாவ. போன்ல இருக்க படிவத்துல நிரப்பினா தப்பு 4.2 விழுக்காடு. எஸ்எம்எஸ் அனுப்பினா 4.5. பேசிச் சொன்னா 0.45. பத்துல ஒரு பங்கு! "அப்பம் மைக்தான ஜெயிச்சுது"ன்னு துள்ளாத. அந்தப் பக்கம் இருந்தது மைக் இல்லலே, மனுசன். போனை எடுத்துக் கேட்டு எழுதிக்கிட்ட ஒரு ஆளு. காய்ச்சல் அளவு கோளாறா இருந்தா "என்னம்மா சொன்னிய, திருப்பிச் சொல்லுங்க"ன்னு அவனால கேக்க முடியும். உன் மைக் கேக்குமா? நீ "மாடு ரெண்டு கோடி"ன்னாலும் நன்றின்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிரும்.

அதனால நான் சொல்லுததைக் கேளு. கடன், குடி, சண்டை, ஓட்டு, இது எதுக்கும் மைக்கே காட்டாத. தட்டவும் வைக்காத, தொட்டா போதுங்கிற மாதிரி நாலு கட்டம் போட்டு விடு. எழுத்து தெரியாதவளுக்கு அந்தக் கட்டத்தை இயர்போன்ல படிச்சுக் காட்டட்டும், கேக்கது அவ காதுக்கு மட்டும் கேட்டா போதும், பதில் சத்தமில்லாம விரல்ல வரட்டும். ரூவாக் கணக்குக்கு எண் பலகை. ஊர்க்கதை கேக்குத இடத்துல மைக்கை வை, பேசினதைத் திருப்பிப் போட்டுக் கேக்கவும், வேண்டாம்னா அழிக்கவும் வழி குடு. பேசப் பிடிக்காதவன் தட்டிட்டுப் போகட்டும், கட்டாயப்படுத்தாத. எல்லாத்துக்கும் முன்னாடி "இப்போது உங்கள் அருகில் யாராவது இருக்கிறார்களா?"ன்னு ஒரு கேள்வியைப் போடு. இருக்காவன்னா பொறவு வாரேன்னு சொல்லிட்டு லிங்க் தானா மூடிக்கிடட்டும். அந்த ஒரு மரியாதையை மெசினுக்குச் சொல்லிக்குடுக்க உங்க கம்பெனியில ஆள் இல்லையா என்ன?

அறுபது கேள்வியை இருபதா குறை. பாதிக்கு மேல நான் என்னத்தைத் தொட்டேன்னு எனக்கே தெரியாது. அந்தப் பதிலையும் நீ கணக்குல சேத்திருப்ப.

மிச்சம் பிடிக்க காசுல நம்ம ஊர்ப் பிள்ளைங்க ரெண்டு பேரை வேலைக்கு எடு. பிளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல இருக்குதுக, பேசத் தெரியும், பதில் இடறினா திருப்பிக் கேக்கவும் தெரியும். போனைக் குடுத்து உக்கார வை, தப்பு தன்னால குறையும். மாசச் சம்பளத்தை மட்டும் இழுத்தடிக்காம போடு.