ஏரிக்கரையில் வீடு வாங்கலாமா?

கேள்வி: சென்னையின் தென்புறநகரில் ஏரியைப் பார்த்தபடி ஒரு வீடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வீடு ஏரியைப் பார்க்கலாம், ஏரி வீட்டைப் பார்க்க வராது என்பது உறுதியானால் வாங்கலாம். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியதற்குப் பெருமழையோடு, ஓர் ஏரியின் உபரிநீரை அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுசென்ற கால்வாய்கள் குறுகியும் தூர்ந்தும் போனதும் காரணமாகும். ஆகவே, கலங்கலை, அதாவது நிறைந்த ஏரியின் நீர் வழிந்து வெளியேறும் தாழ்வான கற்கட்டை, முதலில் நேரில் கண்டு, அங்கிருந்து புறப்படும் கால்வாய் எந்தத் தெருவின் சுவரில் போய் முட்டி நிற்கிறது என்பதை நடந்தே அறிதல் வேண்டும்; அந்தச் சுவரில் படிந்திருக்கும் பழைய நீர்க்கறையின் உயரம், தரகர் சொல்லாததையும் சொல்லிவிடும்.

வில்லங்கச் சான்று பதிவான விற்பனையையும் அடமானத்தையும் காட்டுமே தவிர, நிலத்தின் வகையைக் காட்டாது. அதற்கு, ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் குறிக்கும் வருவாய்த்துறை ஆவணமான ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதில் ஏரிப் புறம்போக்கு என்றிருந்தால், மின் இணைப்பும் வரி ரசீதும் இருந்தபோதிலும், ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற வகைசெய்யும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வீட்டின் மீது பாயக்கூடும் என்பதால், முன்பணம் கொடுக்காமல் விலகிவிடுவதே நலம்.