காக்கிச் சட்டை போட்ட பாவம்

என் ஊர் செம்மங்குப்பம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், ரயில் பாதையோரம். 2025 ஜூலை 8-க்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் அந்த ரயில்வே கேட்டும் அங்கே ரயில் மோதிய பள்ளி வேனும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நான் சொல்ல வந்தது கரி எஞ்சின் ஓடிய காலத்துக் கதை.

அப்போது மெயின் லைன் முழுக்க மீட்டர் கேஜ். சிதம்பரத்தில் கல்யாணம் என்றால் ஆலப்பாக்கத்தில் போய் ரயில் ஏறுவோம். அம்மா எனக்கும் தம்பிக்கும் வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுவிடுவாள். ஜன்னலோரத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வோம். ஜெயித்தவன் கண்ணில் புதுச்சத்திரம் வருவதற்குள் கரித்தூள் விழும். அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கிள்ளை வரைக்கும் ஒற்றி எடுப்பாள். சிதம்பரத்தில் இறங்கும்போது சட்டை சாம்பல், கண் சிவப்பு. "புள்ள ஏன் அழுதிருக்கான்?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்படிக் கண்ணால் கரி எஞ்சினை அறிந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் ஒரு சுதந்திர தினத்தன்று எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, ஈ.ஐ.ஆர். 21-னு ஒரு பழைய கரி எஞ்சின் கோடம்பாக்கம் வரைக்கும் ஓடப்போவுது. வா, பாக்கலாம்" என்றான். துவைத்துக் காய்ந்திருந்தது ஒரு காக்கிச் சட்டைதான். போட்டுக்கொண்டேன். அதுதான் வினை.

பிளாட்பாரத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு அம்மா நேராக என்னிடம் வந்து, "சார், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்றார். தெரியாது என்றேன். "ரயில்வேக்காரங்க என்னைக்குத்தான் தெரியும்னு சொல்லியிருக்காங்க!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டார். நான் ரயில்வே இல்லை என்பதைச் சொல்வதற்குள் நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒரு பொடியன் என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இது எப்பப் பொறந்துச்சு?" என்றான். மறுக்க மனம் வரவில்லை. அந்த நிமிஷமே தன்னார்வலன் ஆனேன். சம்பளம் கிடையாது, பேட்ஜ் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை.

வரும் வழியில் அக்கா மகன் ஓதியதை எடுத்துவிட்டேன். "1855-ல இங்கிலாந்து லீட்ஸ் நகரத்துல செஞ்சது. தென்னிந்தியாவோட முதல் ரயில் ராயபுரத்துல கிளம்பினது 1856 ஜூலை 1-ந்தேதி. அதைவிட இதுக்கு வயசு ஒண்ணு கூட. 1909-ல ரிடையர் ஆச்சு. நூறு வருஷம் சும்மா நின்னதை, 2010-ல நம்ம பெரம்பூர் ஒர்க்ஷாப்ல தட்டி எழுப்பி ஓட வெச்சாங்க." கைதட்டல். நான் ரிடையராகி மூன்று வருஷத்தில் முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. இந்த எஞ்சினை எப்படிப் பொறாமையில்லாமல் பார்ப்பது?

புகழ் தலைக்கேறிய நேரத்தில்தான் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "தம்பி, பாய்லர் சூடேற எவ்வளவு நேரம் ஆவும்?" என்றார் பணிவாக. "அரை மணி" என்றேன் கூசாமல்.

"அரை மணியில டீக்கடை பாய்லர் கொதிக்கும்" என்றார்.

அவர் பழைய ஃபயர்மேன். விழுப்புரம் ஷெட்டில் வேலை பார்த்தவராம். அதற்குப் பிறகு கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. நான் அவருடைய மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறிப்போன எஞ்சின் என்றால் முதல் நாள் ராத்திரியே நெருப்பு வைக்க வேண்டுமாம். அவசரப்பட்டு எரித்தால் தகடு ஒரு பக்கம் விரிந்து, மறு பக்கம் விரியாமல், மூட்டெல்லாம் ஒழுகுமாம். "கரியைக் குவிச்சுக் கொட்டக் கூடாது. கோலப்பொடி தூவுற மாதிரி மூலைமூலையாத் தூவணும். கருகருன்னு புகை வந்தா சினிமாக்காரனுக்குச் சந்தோஷம். டிரைவரு மட்டும், கரியை வீணடிக்கிறியேன்னு வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லுவாரு." கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் நெருப்புப் பெட்டிக் கூரையில் இருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். "எஞ்சின் பொழைச்சுக்கும். ஃபயர்மேன் மானம் போயிடும்" என்றார். என் கண்ணில் விழுந்த தூளெல்லாம் யாரோ ஒருவர் மூலையில் சரியாகத் தூவாததால் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவரிடம் கேட்கவில்லை, பை என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது அக்கா மகன் ஒரு சேதி சொன்னான். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில். மூடப்போன அதை, 1951-லிருந்து ஊர்க்காரர்களும் ரயில் பித்தர்களும் சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார்கள். தன்னார்வலர்கள் காப்பாற்றிய முதல் ரயில் உலகத்திலேயே அதுதானாம். டிக்கெட் கிழிப்பவரும் கரி அள்ளுபவரும் அவர்களேதான்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. கேட்காமலே வந்து விளக்கம் சொல்லும் ரிடையரான ஆட்கள் நம்மிடம் தெருவுக்கு ஒன்பது பேர். பஞ்சம் ஆளுக்கில்லை, எஞ்சினுக்குத்தான். அதிலும் நீலகிரி மலை ரயில் நமக்கு மிஞ்சியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். செங்குத்தான இடத்தில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். அதற்கு நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்து கொடுத்தவர்கள் நம்முடைய திருச்சி பொன்மலைத் தொழிலாளிகள். 2005-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பொன்மலைக்காரர் கையையும் ஃபயர்மேன் வாயையும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

எங்கள் ஊர் வழியாக 2010 முதல் அகலப்பாதை. இப்போது வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே சிதம்பரம் போய்ச் சேர்கிறது. உங்கள் தெருவில் பழைய ஃபயர்மேன் யாராவது இருந்தால், ஒரு காபி வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேளுங்கள், எழுதியும் வையுங்கள். போகும்போது காக்கிச் சட்டை மட்டும் வேண்டாம்.